வயிற்றுப் புண்ணும் நம் சங்கங்களின் கடமையும்

சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி வண்ணார்பேட்டைக்குள் நுழையும் சாலையில் இரண்டு வகைக் கடைகள் மிகுந்து காணப்படுகின்றன. ஒன்று ஜவுளிக் கடை. மற்றொன்று மருந்துக் கடை. மேலப்பாளையத்திலிருந்தும் வீரவநல்லூரிலிருந்தும் வரும் நெசவாளரும், தாமிரபரணிக் கால்வாய்களின் பாசனத்தில் நெல்லும் வாழையும் பயிரிடும் விவசாயியும் இச்சாலைக்கு வராத மாதம் இல்லை. வருகின்றவர் ஜவுளிக் கடையில் துணி எடுக்கிறாரோ இல்லையோ, மருந்துக் கடையில் மாத்திரை வாங்காமல் திரும்புவது அரிது. முதுகு வலிக்கு ஒன்று. அந்த மாத்திரை உண்டாக்கும் வயிற்றெரிச்சலுக்கு மற்றொன்று. இரண்டும் ஒரே காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கப்படுகின்றன. முன்னது நோயை வளர்க்கிறது. பின்னது வளர்கின்ற நோயை மறைக்கிறது. இந்தப் பொட்டலத்தைப் பற்றியே நம் அங்கத்தினர்களுக்குச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

நமக்கு நன்கு தெரிந்த நெசவாளர் ஒருவருக்கு நேர்ந்ததை முதலில் சொல்வோம். பெயர் வேண்டாம், அவரைப் போன்றோர் ஊர்தோறும் உள்ளனர். முப்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் அமர்ந்து நெய்தவர். ஐம்பது வயதைக் கடந்ததும் இடுப்பும் முழங்காலும் நோகத் தொடங்கின. யாரோ சொல்லக் கேட்டு வலி மாத்திரை வாங்கினார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இப்படி இரண்டு ஆண்டுகள். நடு இரவில் மேல்வயிறு எரிந்து விழிப்பு வரும். ஒரு வாய்ச் சோறோ ஒரு குவளைப் பாலோ உள்ளே சென்றால் அடங்கும். 'வாயு' என்று சொல்லிக் கொண்டார். ஒரு வாரமாக மலம் தார் போலக் கறுத்துப் போயிற்று. கீரை தின்றதால் என்று எண்ணினார். எட்டாம் நாள் தறிக்குழியிலிருந்து எழுந்தவர் தலைசுற்றிக் கீழே விழுந்தார். ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்து, இரைப்பையில் புண் என்றார்கள். உயிர் பிழைத்தது. ஆனால் தறி மூன்று மாதம் ஊமையாகக் கிடந்தது. அந்த மூன்று மாதக் கூலியும், வட்டிக்கு வாங்கிய கடனும், பள்ளியை விட்டு வேலைக்குப் போன மூத்த பையனும் அந்தப் புண்ணின் கணக்கிலேயே சேர வேண்டியவை.

இத்தகைய துன்பம் இன்று வர வேண்டிய அவசியமே இல்லை என்பது நமது அபிப்பிராயம். வயிற்றுப் புண்ணின் காரணம் உலகுக்குத் தெரிந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்த அறிவு மருந்துக் கடைப் பொட்டலத்தைத் தாண்டி நம் தறிக்கும் வயலுக்கும் வந்து சேரவில்லை. கொண்டு வந்து சேர்ப்பது யார் கடமை என்பதை முடிவில் கூறுவோம்.

கரையும் நண்டும்

நாம் உண்ணும் உணவைச் செரிக்க இரைப்பை கடுமையான அமிலத்தைச் சுரக்கிறது. அந்த அமிலம் இரைப்பையையே அரித்துவிடாதபடி, அதன் உட்சுவரின் மீது வழவழப்பான ஒரு படலம் படர்ந்து காக்கிறது. வாய்க்காலில் நீர் ஓடுவது குற்றமன்று. கரை உடைந்தால்தான் பயிர் அழியும். அவ்வாறே அமிலம் சுரப்பதும் குற்றமன்று. காக்கும் படலம் பழுதாகுமிடத்தில் அமிலம் சுவரைத் தின்னத் தொடங்குகிறது. அவ்வாறு உண்டாகும் குழியே புண். அது இரைப்பையிலும் வரும். இரைப்பையை அடுத்து, சிறுகுடல் தொடங்கும் இடத்திலும் வரும். நம் மக்கள் இரண்டையும் சேர்த்து 'அல்சர்' என்கின்றனர்.

கரையை உடைப்பவை எவை? பெரும்பாலான புண்களுக்குக் காரணம் இரண்டே.

முதலாவது, ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. இக்கிருமியோ தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி, அமிலத்தை முறித்துக் கொண்டு, வழவழப்புப் படலத்துக்குள் புகுந்து குடியிருக்கிறது. வரப்பில் வளை தோண்டும் நண்டை விவசாயிகள் அறிவர். வளை சிறிது, ஆனால் அந்த வழியாகக் கசியும் நீர் ஒருநாள் வரப்பையே கொண்டுபோய்விடும். கிருமி செய்வதும் அதுவே. இது பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் வாய்வழியாக வந்து சேர்கிறது. நெருக்கமான குடியிருப்பு, தூய்மையற்ற நீர், கழிப்பிடம் சென்று கை கழுவாமை, தாய் தன் வாயில் மென்று குழந்தைக்கு ஊட்டுதல் ஆகியவை இது பரவும் வழிகளாகக் கருதப்படுகின்றன. நம் நாட்டில் வயது வந்தோரில் பாதிப் பேருக்கு மேல் இக்கிருமியைச் சுமக்கின்றனர். சுமப்போர் அனைவருக்கும் புண் வருவதில்லை. நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கே வருகிறது. ஆனால் கோடிக்கணக்கானோர் சுமக்கும் நாட்டில் பத்துப் பதினைந்து விழுக்காடு என்பது சிறு தொகையன்று.

இரண்டாவது, வலி மாத்திரை. டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுபுரோபென், ஆஸ்பிரின் ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. உடலில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஒரு பொருளை இவை தடுக்கின்றன. அதே இனப் பொருள்தான் இரைப்பையின் காவற்படலத்தையும் பழுது பார்த்து வருகிறது. ஆகவே வலி நிற்கும்போது கரையைச் செப்பனிடும் வேலையும் நின்று போகிறது. சாப்பிட்டபின் விழுங்கினால் கேடில்லை என்று பலர் எண்ணுகின்றனர். மாத்திரை இரத்தத்தில் கலந்த பிறகே முக்கியமான தீங்கைச் செய்வதால், சோற்றோடு விழுங்கினாலும், ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் தீங்கு முற்றும் நீங்காது. முதியோருக்கும், முன்பே புண் வந்தவர்களுக்கும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போருக்கும் ஆபத்து பன்மடங்கு. வலி மாத்திரையோடு ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தால் ஆபத்து மேலும் பெருகும். இன்ன மருந்து என்று எழுதப்படாத வலிப் பொடிகளை வாங்கி உண்போர் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இவ்விரண்டுடன் புகையையும் சேர்த்துக் கொள்ளலாம். பீடியும் சிகரெட்டும் புண் வரும் வாய்ப்பை மிகுவிப்பதோடு, வந்த புண் ஆறுவதையும் தாமதப்படுத்துகின்றன.

மிளகாயும் கவலையும்

"காரம் தின்றால் அல்சர் வரும், கவலைப்பட்டால் அல்சர் வரும், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அல்சர் வரும்" என்று நம் வீடுகளில் சொல்லாதவர் இல்லை. இதில் உண்மை எவ்வளவு?

மிளகாய் புண்ணை உண்டாக்குவதாக நிரூபணம் இல்லை. இருக்கும் புண்ணின் மீது காரம் பட்டால் எரியும், அவ்வளவே. வெறும் வயிற்றில் குடிக்கும் தேநீரும் அவ்வாறே. பட்டினியால் மட்டும் புண் உண்டாவதில்லை. புண் உள்ளவருக்குப் பட்டினி வேளையில் வலி மிகும். பெருந்தீக்காயம் பட்டவருக்கும், கடும் நோயில் கிடப்பவருக்கும் இரைப்பையில் புண் தோன்றுவதுண்டு. மனக்கவலை புகைக்கும் பழக்கத்தையும் மாத்திரைப் பழக்கத்தையும் வளர்த்துத் தீமை செய்வதும் உண்டு. ஆனால் கிருமியையும் மாத்திரையையும் விட்டுவிட்டுக் கவலையை மட்டும் பிடித்துக்கொள்வது, தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாகும்.

இந்தப் பழைய நம்பிக்கை ஒரு பெருந்தீங்கையும் செய்கிறது. நோய்க்குக் காரணம் நோயாளியின் நாக்கும் மனமுமே என்றாகிவிடுகிறது. "நீ காரத்தைக் குறைத்தாயா? கவலையை விட்டாயா?" என்று வீட்டார் கேட்கின்றனர். கூலியும் கடனும் கழுத்தை நெரிக்கும் ஒருவனிடம் கவலையை விடு என்பது எளிது. அவனும் தன் குற்றமே என்று தலைகுனிந்து, மிளகாயை மட்டும் விட்டு, மாத்திரையைத் தொடர்ந்து விழுங்குகிறான்.

நெய்யூரிலிருந்து பெர்த் வரை

வயிற்றுப் புண்ணின் சரித்திரத்தில் நமது தென்கோடிக்கு ஓர் இடம் உண்டு. 1922-ஆம் ஆண்டு எவரெஸ்டு ஏறும் முயற்சியில் பங்கு கொண்ட ஹோவர்டு சாமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர், அது முடிந்ததும் தென்னாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரின் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்த நோயாளர் கூட்டத்தைக் கண்டார். லண்டனில் தமக்குக் கிடைக்கவிருந்த பதவியைத் துறந்து, நெய்யூரிலேயே பணி செய்ய முடிவு செய்தார். அங்கே அவர் மிகுதியாகக் கண்ட நோய்களுள் ஒன்று குடற்புண். புண் ஆறி ஆறித் தழும்பேறி, இரைப்பையின் கீழ்வாய் சுருங்கி, உண்டது இறங்காமல் எலும்பும் தோலுமாக வந்தவர்கள் பலர். அவர்களுக்கு அவர் செய்த வயிற்று அறுவைகள் ஆயிரக்கணக்கில். அந்த அனுபவத்தைக் கொண்டு இரைப்பை அறுவையைப் பற்றி நூலும் எழுதினார்; 1949 முதல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார்.

தென்னாட்டில் இந்நோய் ஏன் இத்தனை மிகுதி என்னும் கேள்வி அன்றே எழுந்தது. குன்னூரில் உணவு ஆராய்ச்சி நடத்திய ராபர்ட் மெக்காரிசன், பல பிரதேசத்து மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மரவள்ளியையே பெரிதும் நம்பிய திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை உண்ட எலிகளில் பலவற்றுக்கு வயிற்றுப் புண் வந்தது. கோதுமையும் பாலும் காய்கறியும் அடங்கிய வடநாட்டு உணவை உண்டவை நலமாக இருந்தன. 1960-களில் ரயில்வே மருத்துவர் எஸ். எல். மல்ஹோத்ரா, அரிசி உண்ணும் தெற்கில் இந்நோய் மிகுதி என்றும், நன்கு மென்று உண்ணும் கோதுமை உணவுக்கு உமிழ்நீர் துணை செய்கிறது என்றும் எழுதினார். உணவுக்கும் இந்நோய்க்கும் ஓரளவு தொடர்பு இருக்கலாம் என்பதை இன்றும் முற்றிலும் தள்ளிவிடுவதற்கில்லை. ஆயினும் மூலகாரணம் அன்று எவர் கண்ணுக்கும் தென்படவில்லை.

அது தென்பட்டது ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரத்தில். அங்கு ராபின் வாரன் என்பவர் நோயாளிகளின் இரைப்பைச் சதைத் துணுக்குகளில் வளைந்த கிருமிகளைக் கண்டார். அவருடன் சேர்ந்த இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவற்றை வளர்க்க முயன்று பன்முறை தோற்றார். 1982-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிட அதிக நாட்கள் விடப்பட்டுக் கிடந்தன. திரும்பி வந்து பார்க்கையில் கிருமி வளர்ந்திருந்தது! மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அக்கிருமி கலந்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் கண்டு, அவருடைய இரைப்பை அழன்றிருப்பது சோதனையில் தெரிந்தது. 2005-ஆம் ஆண்டு இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சாமர்வெல் கத்தி எடுத்துத் தீர்த்த நோயை, இன்று இரண்டு வார மருந்தினால் பெரும்பாலும் தீர்த்துவிடலாம். நெய்யூரில் வரிசையில் காத்திருந்த நம் முன்னோருக்கு இந்த வாய்ப்பு இல்லை. நமக்கு இருக்கிறது; இருந்தும் அவர்களைப் போலவே வாழ்ந்து வருகிறோம்.

அறிகுறிகள்

நோயைக் கண்டுகொள்ளும் வகையைச் சொல்வோம். ஒவ்வொரு வீட்டிலும் இது தெரிந்திருக்க வேண்டும்.

மார்பெலும்புக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே எரிச்சலோ, கவ்விப் பிடிக்கும் வலியோ தோன்றும். சிறுகுடற் புண்ணாயின் பசி வேளையிலும், நள்ளிரவுக்குப் பிறகும் வலித்து, உணவு உண்டதும் தணிவது வழக்கம். இரைப்பைப் புண்ணாயின் உண்ட சற்று நேரத்தில் வலிப்பது உண்டு. வயிறு உப்பல், ஏப்பம், குமட்டல், சிறிது உண்டதும் வயிறு நிறைந்த உணர்ச்சி ஆகியவையும் தோன்றலாம். சில வாரம் வலித்து, சில வாரம் தானே அடங்கி, மீண்டும் வருவது இதன் இயல்பு. அடங்கிய காலத்தில் குணமாயிற்று என்று எண்ணுவதே பலரைக் கெடுக்கிறது. வலி மாத்திரை உண்போருக்கோ எந்த வலியும் தெரியாமலே புண் வளர்ந்து, இரத்தக் கசிவே முதல் அறிகுறியாக வருவதும் உண்டு.

பின்வருவன கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது:

மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்துடன் போதல். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். எனினும் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டரே.

வாந்தியில் இரத்தமோ, காப்பித்தூள் போன்ற கரும்பொருளோ காணுதல்.

திடீரென்று கத்தியால் குத்தியது போன்ற வலி எழுந்து வயிறு பலகை போல இறுகுதல். இது புண் துளைத்துக் கொண்டதன் அடையாளம். மணிக்கணக்கில் தாமதித்தாலும் உயிருக்கு ஆபத்து.

முதல் நாள் உண்ட சோறு மறுநாள் வாந்தியில் வருதல், காரணமின்றி உடல் இளைத்தல், விழுங்கச் சிரமப்படுதல், இரத்தம் குறைந்து முகம் வெளிறி மூச்சு வாங்குதல்.

மற்றொரு எச்சரிக்கை. நெஞ்சில் அழுத்தமும், வியர்வையும், தோள் அல்லது தாடைக்குப் பரவும் வலியும் வந்தால் அதை 'வாயு' என்று சொல்லிச் சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். அது மாரடைப்பாக இருக்கலாம்.

சிகிச்சை

கிருமி இருக்கிறதா என்பதை மூச்சுக்காற்றுச் சோதனையாலும், மலச் சோதனையாலும், குழாய் விட்டு எடுக்கும் சதைத் துணுக்காலும் அறியலாம். இங்கே வண்ணார்பேட்டைப் பொட்டலம் மற்றொரு கேடு செய்கிறது. அமிலத்தை அடக்கும் மாத்திரையைத் தொடர்ந்து உண்பவரிடம் கிருமி ஒளிந்து கொள்ளும். சோதனை 'இல்லை' என்று பொய் சொல்லும். ஆகவே டாக்டரின் ஆலோசனைப்படி அம்மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திய பின்பே சோதிப்பது முறை. புண்ணில் இரத்தம் கசிந்தவர் மட்டும் தாமாக எதையும் நிறுத்தலாகாது.

கிருமி இருந்தால், அமிலத்தை அடக்கும் மருந்தோடு கிருமிகொல்லி மருந்துகளையும் சேர்த்து வழக்கமாக 14 நாட்கள் கொடுப்பர். எரிச்சல் நான்கு நாளில் நின்றுவிடும். மீதி மாத்திரை அலமாரியில் தங்கிவிடும். இதுவே நம்மவர் செய்யும் பெரும்பிழை. பாதியில் விட்டால் எஞ்சிய கிருமி மருந்துக்கு அஞ்சாததாகிவிடுகிறது. கண்ட காய்ச்சலுக்கெல்லாம் கிருமிகொல்லி வாங்கி விழுங்கியதால், வழக்கமான சில மருந்துகளுக்கு இக்கிருமி மசியாத நிலை நம் நாட்டில் ஏற்கெனவே மிகுந்துள்ளது. மருந்து முடிந்து நான்கு வாரமாவது கழித்து, கிருமி ஒழிந்ததா என்று மறுபடி சோதிப்பது அவசியம். இக்கிருமியை இரைப்பைப் புற்றுக்குக் காரணமான ஒன்றாக 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு அறிவித்துள்ளது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பால் குடித்தால் புண் ஆறும் என்பது பழைய வழக்கம். பால் சிறிது நேரம் இதம் தரும். பிறகு அதுவே அமிலச் சுரப்பைத் தூண்டும். சித்த மருத்துவம் குன்மம் என்னும் பெயரில் வயிற்று நோய்களை வகுத்துப் பேசுகிறது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் உள்ளது. முறையாகக் கற்ற வைத்தியரிடம் செல்வதை நாம் குறை கூறவில்லை. பெட்டிக்கடையில் பெயரில்லாத பொடி வாங்குவதை வைத்தியம் என்று சொல்லலாகாது என்பதே நம் கருத்து.

"மாத்திரை இல்லாமல் எப்படி நெய்வது?"

இக்கட்டுரையின் கருத்தை ஒரு நெசவாளரிடம் கூறியபோது அவர் கேட்டார்: "ஐயா, முதுகு வலித்தால் மாத்திரை போடாமல் எப்படி நெய்வது? நெய்யாவிட்டால் கூலி ஏது?" நேர்மையான கேள்வி. நடவு நாளில் குனிந்த முதுகோடு நாள் முழுதும் வயலில் நிற்கும் பெண்ணும் இதையே கேட்பாள். வலியைப் பொறுத்துக் கொள்ளுங்கள் என்று அவர்களுக்கு உபதேசம் செய்ய நமக்கு உரிமை இல்லை.

ஆனால் வழிகள் உண்டு. வலிக்கு முதலில் பாரசிட்டமாலைப் பயன்படுத்தலாம். சொன்ன அளவுக்கு மேற்படாத வரை அது வயிற்றைப் புண்ணாக்குவதில்லை. மேலே பூசும் மருந்து உண்டு, ஒத்தடம் உண்டு. குழித்தறியின் இருக்கைப் பலகையை உடலுக்கேற்ற உயரத்தில் அமைப்பதும், மணிக்கொரு முறை எழுந்து முதுகை நிமிர்த்துவதும் பயன் தரும். 2021-இல் அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. வலி மாத்திரை இன்றியமையாததாயின், மிகக் குறைந்த அளவில், மிகக் குறைந்த நாட்களுக்கு, வயிற்றைக் காக்கும் மருந்தோடு சேர்த்து டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். வயிற்றைக் காக்கும் மருந்தும் அப்பொழுது பொட்டலத்தில் வரும். ஆனால் அளவும் நாளும் அறிந்தவர் எழுதியதாக வரும்.

சங்கம் செய்ய வேண்டுவன

"இது ஆஸ்பத்திரியின் வேலை, நூலும் உரமும் கொடுக்கும் சங்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பார் இருக்கலாம். அங்கத்தினரின் வயிறு கெட்டால் தறி நிற்கிறது. தறி நின்றால் சங்கத்துக்குத் துணி வருவதில்லை. வாங்கிய கடனும் திரும்புவதில்லை. நூலை வாங்குமுன் முறுக்குப் பார்க்கும் சங்கம், அதை நெய்யும் உடலைப் பாராமல் விடுவது எந்தக் கணக்கில் சேரும்?

ஆகவே நமது யோசனைகள் இவை.

முதலாவதாக, மருந்துக் கடை. தமிழ்நாட்டில் கூட்டுறவு மருந்தகங்கள் பல ஆண்டுகளாக நடைபெறுகின்றன. 2025 பிப்ரவரியில் 'முதல்வர் மருந்தகம்' என்ற பெயரிலும் கூட்டுறவுத் துறையின் வழியாகக் கடைகள் திறக்கப்பட்டன. டைக்ளோபினாக் முதலிய மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்பது சட்டம். பிறர் கடைகளில் அது காற்றில் பறக்கலாம். கூட்டுறவின் பெயர் தாங்கிய கடையில் பறக்கலாகாது. ஐந்து ரூபாய் விற்பனைக்காக நம் அங்கத்தினரின் இரைப்பையை நாமே துளைப்பதற்கா கூட்டுறவு கண்டோம்?

இரண்டாவதாக, ஆண்டுக்கு ஒருநாள் சோதனை. பிசான அறுவடை முடிந்து கை சற்று ஓய்ந்திருக்கும் பருவத்தில், 1965-இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களை வேண்டி அழைத்து, சங்கக் கட்டடத்திலேயே ஒரு முகாம் நடத்தலாம். எல்லாருக்கும் கிருமிச் சோதனை தேவையில்லை. இரத்த அளவைப் பார்த்து, மேற்சொன்ன அறிகுறிகளையும் மாத்திரைப் பழக்கத்தையும் கேட்டு, தேவையானவர்களை மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் போதும்.

மூன்றாவதாக, நோய்க்கால முன்பணம். சோதனைக்குப் போகும் நாளில் கூலியும் போய், பஸ் செலவும் ஆகும் என்று அஞ்சியே பலர் இரத்தம் கசியும் வரை காத்திருக்கின்றனர். வட்டியில்லாத சிறு தொகை ஒன்றை அன்றே கொடுத்து, நெய்யும் கூலியில் சிறிது சிறிதாகக் கழித்துக் கொள்ளலாம். பின்னால் வரும் பெருங்கடனைவிட முன்னால் தரும் சிறுகடன் சங்கத்துக்கும் இலாபமே.

நான்காவதாக, தண்ணீர். கிருமி வரும் வழிகளுள் அதுவும் ஒன்று. நெசவுக் கூடத்திலும் களத்துமேட்டிலும் காய்ச்சிய நீரோ சுத்திகரித்த நீரோ இருக்க வேண்டும். கழிப்பிடமும் கை கழுவச் சோப்பும் இருக்க வேண்டும். தாமிரபரணியில் சாக்கடை கலப்பது இன்று நேற்றைய குறையன்று. 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்வையிடும் நிலை ஏற்பட்டது. ஒரே ஆற்றின் நீரைக் குடித்தும் பாய்ச்சியும் வாழும் நெசவாளரும் விவசாயியும் ஒரே குரலில் பேச வேண்டிய விஷயம் இது. இன்று பிறக்கும் குழந்தையின் வயிற்றில் அந்த நண்டு வளை தோண்டாதிருக்க, வேறு நிலையான வழி இல்லை.

முடிவாக ஒன்று. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் கணக்கு வாசித்து முடிந்ததும், அங்கத்தினர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்க வேண்டுகிறோம்: "நம்மில் எத்தனை பேர் நாள்தோறும் வலி மாத்திரை விழுங்குகிறோம்?" கை தூக்கச் சொன்னால் போதும். தூக்கிய கைகளை எண்ணிப் பார்க்கும் தலைவருக்கும் காரியதரிசிக்கும், மேற்கண்ட யோசனைகளைப் பற்றி நாம் வேறு சமாதானம் கூற வேண்டியிராது. வண்ணார்பேட்டைச் சாலையில் வாங்கும் அந்தக் காகிதப் பொட்டலத்தை, விழுங்குமுன் ஒருமுறை பிரித்துப் பார்த்து, இது எதற்கு, யார் எழுதியது, எத்தனை நாளைக்கு என்று கேட்கும் பழக்கம் நம் அங்கத்தினரிடையே அன்றே தொடங்குமாக.